புது பேட்டரி போட்டும் டிராக்டர் மக்கர் செய்கிறதா?

“பழைய டிராக்டருக்குப் புது பேட்டரி போட்டும், சில நாள் ஸ்டார்ட் ஆவதில்லை. செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டுமா?”
- வாசகர், சிறுசேரி.

“அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். கடற்காற்று படும் ஊர்களில் எர்த் வயர் இணைப்பில் துரு ஏறும். குலுங்கும்போது மின்சாரம் விட்டுவிட்டு வரும். அதனால்தான் ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது.

மக்கர் செய்யும் நேரத்திலேயே சோதிக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடவும். மல்டிமீட்டரை 20 டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைக்கவும். இருக்கையில் அமர்ந்து ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் வயரில்தான். அதன் இரு முனைகளையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கி, மேலே வாஸ்லின் தடவவும். மோட்டார் செலவு மிச்சம்.”