நாற்காலி பள்ளிவாசலில் மட்டும் போதாது

அண்மைக் காலமாக நம் பள்ளிவாசல்களில் ஒரு நல்ல மாற்றத்தைக் காண்கிறோம். வரிசைகளின் ஓரத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. முழங்கால் தேய்ந்தவர்களும் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவற்றில் அமர்ந்து தொழுகிறார்கள். எவரும் அவர்களைக் குறைவாக எண்ணுவதில்லை. ஆனால், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாத, இரத்தப் பரிசோதனையில் எக்குறையும் அகப்படாத, எனினும் உடம்பெங்கும் வலிக்கிறது என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும் ஒரு கூட்டத்தார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு இன்னும் நாம் அந்த நாற்காலியைத் தரவில்லை.

அவர்களுள் பலருக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோய். உலக மக்களில் 2 முதல் 4 விழுக்காட்டினருக்கு இது இருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. கழுத்து, தோள், இடுப்பு, தொடை என உடலின் பல பகுதிகளில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, எத்தனை மணி நேரம் உறங்கினாலும் உறங்காதது போன்ற அயர்ச்சி, காலையில் விறைப்பு, சொல்ல வந்த சொல் நாவில் வராமல் நழுவும் மறதி ஆகியவை இதன் அடையாளங்கள். மூட்டிலோ தசையிலோ சிதைவு இராது. வலியை உணர்த்தும் நரம்பு மண்டலமும் மூளையும் மிகையாகக் கூர்மை அடைந்துவிடுவதால், மற்றவர்களுக்கு வெறும் அழுத்தமாகத் தோன்றுவது இவர்களுக்கு வலியாகிறது. ஆகவேதான் ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை. முன்பு, 1990இல் வகுத்த வரையறைப்படி, உடலில் குறிப்பிட்ட 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடங்களிலாவது வலித்தால் இந்நோய் என்று முடிவு செய்தார்கள். 2010இல் அந்த முறை மாறியது. வலியின் பரப்பையும் சோர்வு, உறக்கக் குறைவு முதலியவற்றின் கடுமையையும் நோயாளியிடமே கேட்டறிந்து கணக்கிடுகிறார்கள். நோயாளியின் சொல்லே இங்குச் சான்று. அந்தச் சொல்லை நம்பாத வீட்டில் இந்நோய்க்கு மருத்துவம் தொடங்குவதே கடினம்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தை எண்ணிப் பாருங்கள். ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் என்று முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஊர்கள் அம்மலையைச் சுற்றி இருக்கின்றன. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் குனிந்து பீடி சுற்றும் பெண்களையும், காலணித் தொழிற்சாலையில் நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்களையும் இப்பகுதியில் அறியாதவர் இல்லை. மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை விளைவிக்கும், தலையில் பலாவும் விறகும் சுமக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் இருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் கழுத்தும் தோளும் வலிப்பதில் வியப்பில்லை. ஓய்வெடுத்தால் தணிந்துவிடும் உழைப்பின் வலி ஒன்று. ஓய்வெடுத்தாலும் தணியாத இந்நோயின் வலி மற்றொன்று. இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவர் வேண்டும். அவரைப் பார்க்க, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கும் பேருந்தில் இறங்கி வரவேண்டும். அந்தப் பயணத்தின் அலுப்புத் தீரவே இரண்டு நாள் ஆகும். மார்கழிக் குளிரில் விறைப்பு கூடும்போது அதுவும் இயலாது.

எனவே அருகில் கிடைப்பதை நாடுகிறார்கள். வலிக்கு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். வீக்கத்தைத் தணிக்கும் இத்தகைய மாத்திரைகளும் ஸ்டீராய்டு ஊசிகளும் இந்நோய்க்குப் பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஏனெனில் இதில் தணிப்பதற்கு வீக்கமே இல்லை. இரைப்பையும் சிறுநீரகமும் பழுதாவதே மிச்சம். பிறகு கண்ணேறு, ஜின், செய்வினை என்று பேச்சு திரும்புகிறது. தாயத்துக்குப் பணம் செலவாகிறது. மார்க்கம் அனுமதித்த முறையில் ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்களின் சொல்லை மறந்துவிட்டு அதை மட்டும் பற்றிக்கொள்வதைத்தான் மறுக்கிறோம்.

இவற்றைவிடக் கொடியது, “ஈமான் குறைந்துவிட்டது, அதனால்தான் சோம்பல்” என்னும் பேச்சு. ஐயூப் (அலை) அவர்களைப் பார்த்துப் பொறுமையைக் கற்றுக்கொள் என்று அறிவுரை வேறு. ஐயூப் (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் நேர்ந்துவிட்டதைத் தம் இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டதைத்தானே அல்குர்ஆன் அல்அன்பியா அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது? வலிக்கிறது என்று சொல்வது பொறுமைக்கு மாறானதாக இருந்திருந்தால், பொறுமையின் முன்மாதிரியாக அவர்களை நாம் பெற்றிருக்க மாட்டோம்.

ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. பயணம் ஒன்றில் ஒருவருக்குக் கல்பட்டுத் தலையில் காயம். பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளத் தமக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுஞ்சினம் கொண்டு, அவரது இறப்புக்கு அப்படித் தீர்ப்புச் சொன்னவர்களையே பொறுப்பாக்கினார்கள். தெரியாததைக் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்று கடிந்தார்கள். பிறர் உடம்பின் வேதனையை அறியாமல் “உனக்குச் சலுகை இல்லை” என்று எளிதில் சொல்லிவிடும் நாவுகள் இந்தச் செய்தியை அடிக்கடி நினைவில் கொள்வது நல்லது.

மார்க்கத்தின் சலுகைகள் இந்நோயாளிக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் காட்டிய வழி, புகாரியில் பதிவாகியுள்ளது. குளிர்ந்த நீர் வலியைக் கூட்டுமானால் வெந்நீரில் உளூச் செய்யலாம். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் ளுஹரை அதன் இறுதி நேரத்திலும் அஸரை அதன் தொடக்க நேரத்திலும் தொழுதால், ஒரே உளூவில், ஒருமுறை எழுந்த எழுச்சியிலேயே இரண்டும் நிறைவேறும். ஹன்பலி மத்ஹபோ நோயாளி இரு தொழுகைகளை ஒரே நேரத்தில் இணைத்துத் தொழவும் இடமளிக்கிறது. உங்கள் நிலைக்குப் பொருந்துவது எது என்பதை நோயை விவரித்து ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே கட்டியிருந்த கயிற்றை நபியவர்கள் அவிழ்க்கச் சொன்ன நிகழ்ச்சியும் ஈண்டுக் கருதத்தக்கது. ஸைனப் (ரலி) அவர்கள் நின்று தொழுது களைக்கும்போது பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது அது. உற்சாகம் உள்ளவரை தொழுங்கள், களைத்தால் அமர்ந்துவிடுங்கள் என்பதே நபியவர்களின் அறிவுரையாக இருந்தது. இந்நோய்க்கு மருத்துவர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் ஒரு வாரத்து வேலையை இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடக் கூடாது. களைக்கும் முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். அமர்ந்து தொழ அனுமதி பெற்ற அதே பெண், ரமளான் மாலையில் அஸர் முதல் மஃக்ரிப் வரை அடுப்பின் முன் நிற்கிறாள். நோன்புக் கஞ்சி, வடை, சமோசா, விருந்தினருக்குத் தனியாக ஒன்று. பிறகு பாத்திரங்கள். பின்னிரவில் அனைவருக்கும் முன்னதாக எழுந்து ஸஹர் உணவு. அல்லாஹ் தன் உரிமையில் அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். நாம் நம் நாவின் சுவையில் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் வேலை செய்வதைக் கண்டு, “அடுப்படியில் நிற்க முடிகிறது, தொழுகையில் நிற்க முடியாதா?” என்று கேட்கவும் செய்கிறோம். அடுப்படியில் எவரும் அவளுக்கு நாற்காலி போடவில்லை என்பதுதான் அதற்கு விடை.

திருகை அரைத்து ஃபாத்திமா (ரலி) அவர்களின் கை காய்த்துப்போன செய்தியை இவ்விடத்தில் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் பணியாளர் கேட்டார்கள். நபியவர்கள் தஸ்பீஹைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆகவே பெண்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். அதே செய்தியில் இன்னொன்றும் இருக்கிறது. மகளின் முறையீடு காதில் விழுந்ததும் இரவென்றும் பாராமல் நபியவர்களே அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். எழ முயன்றவர்களை எழவேண்டாம் என்று சொல்லி இருவருக்கும் நடுவே அமர்ந்தார்கள். சோம்பல் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் வீட்டில் அவர்கள் எவ்வாறு இருந்தார்கள் என்று கேட்கப்பட்டபோது ஆயிஷா (ரலி) தந்த விடையும் நாம் அறிந்ததே: வீட்டாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள்; பாங்கு ஒலித்ததும் தொழச் செல்வார்கள்.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். இந்நோய் உள்ளோரில் பலரால் நோன்பு நோற்க முடியும். அவர்களை வாட்டுவது பெரும்பாலும் பசியைவிட உறக்கம் துண்டுபடுவதே. தராவீஹ் ஸுன்னத், உடல் மறுக்கும் இரவில் வீட்டிலேயே அமர்ந்து இயன்றதைத் தொழுதுகொள்ளலாம். பிரீகாபலின், டுலாக்ஸெடின் போன்ற மருந்துகளை உண்போர் ரமளானுக்காகத் தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. வேளையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றித் தருமாறு முன்கூட்டியே மருத்துவரைக் கேட்கலாம். நோன்பு தீங்கு தரும் என்று அவர் சொன்னால் பிறிதொரு நாளில் நோற்றுக்கொள்ளும் சலுகை அல்பகராவின் 185ஆம் வசனத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவர் வெட்கப்பட ஏதுமில்லை.

மருந்தைவிட இந்நோய்க்கு உறுதியான சான்று உள்ள மருத்துவம் உடற்பயிற்சி. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்பு 2016இல் திருத்திய பரிந்துரையில் அழுத்தமாக வலியுறுத்தியது அது ஒன்றையே. நாள்தோறும் பத்து நிமிட நடையில் தொடங்கி மெல்லக் கூட்டவேண்டும். ஆனால் நம் ஊர்களில் ஒரு பெண் மாலையில் தனியே நடந்தால் எங்கே போகிறாள் என்று நான்கு வாசல்கள் கேட்கும். மகனோ கணவரோ உடன் நடந்தால் அந்தக் கேள்வி எழாது. அவர்கள் உடம்புக்கும் நல்லது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வாதநோய்களுக்கெனத் தனித் துறை உண்டு. நோயை ஒருமுறை அங்கு உறுதி செய்துகொண்டால், தொடர் கவனிப்புக்கு ஒவ்வொரு முறையும் அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வரும் ஏற்பாடும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் ஃபைப்ரோமயால்ஜியாவின் பெயர் இல்லை. காட்டுவதற்கு அட்டையோ சான்றிதழோ இந்நோயாளியிடம் இராது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வேலூருக்கோ திருப்பத்தூருக்கோ அவர் மருத்துவரைப் பார்க்கப் புறப்படும்போது கணவரும், இயன்றால் மாமியாரும் உடன் செல்லுங்கள். வெளியே காத்திராமல் உள்ளே சென்று அமருங்கள். இந்த நோய் என்ன, வீட்டில் எதைக் குறைக்க வேண்டும் என்பதை மருத்துவர் வாயிலிருந்து நீங்களே கேளுங்கள். திரும்பும் வழியில் அடுப்படிக்கு உயரமான ஒரு முக்காலி வாங்கி வாருங்கள்.