வீதியில் கிடக்கும் பாறைக்கு யார் பொறுப்பு?

மலைநாட்டு வீதியில் விபத்து ஒன்று நடந்துவிட்டால், "சாரதியின் கவலையீனம்" என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சாரதிக்குப் பொறுப்பு உண்டு. அதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்கு மட்டுந்தானா?

2021 மார்ச் 20ஆந் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கி வந்த தனியார் பஸ் வண்டி பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் வீழ்ந்தது. பதினான்கு உயிர்களை அன்று பறிகொடுத்தோம். மலையிலிருந்து சரிந்த பாறையொன்று ஏற்கெனவே அவ்விடத்தில் வீதியின் ஒரு பகுதியை மறித்துக் கிடந்தது. எதிரே ஒரு டிப்பர் நின்றது. மிஞ்சிய ஒடுங்கிய இடத்தால் கடக்க முயன்றபோதே பஸ் விளிம்பைத் தாண்டியது. அந்தப் பாறை அகற்றப்பட்டிருந்தால் அந்தக் காலை வேறுவிதமாய் விடிந்திருக்கும் அல்லவா?

பார வண்டிக்கு வீதியின் விளிம்பே பெரிய எதிரி. கான் அடைபட்டால் மழைநீர் வீதியில் பாய்ந்து, ஓரத்து மண்ணை அடியிலிருந்தே அரித்துவிடும். மேலே தார் நன்றாய்த் தெரியும், கீழே வெறுமையாயிருக்கும். பாரமேற்றிய லொறியின் சக்கரம் அதில் ஏறியதும் ஓரம் இடிந்துவிடும். ஈர வீதியில் வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரமும் தேவை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்குவதும், மேலேறும் வண்டிக்கு வழிவிடுவதும் மலைநாட்டுச் சாரதிகள் கைவிடக் கூடாத ஒழுங்குகள்.

இது நமக்கு ஏன் முக்கியம்? மண்சரிவினால் குடியிருப்பு மாறினாலும் பலருடைய காணி பழைய இடத்திலேயே இருக்கிறது. மரக்கறி மூடைகளின் மேல் அமர்ந்து லொறியில் பயணிப்போர் நம்மவர்களே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் வீதிகளை எவ்வாறு சிதைத்தது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். மண்ணை ஒதுக்கி வண்டி ஓடத் தொடங்கியதும் வீதி சீராகிவிட்டதென்று எண்ணுவது ஆபத்து.

ஆகவே, மூன்று காரியங்களை நாமே செய்யலாம். பாறையோ மண்ணோ விழுந்தால், ஓரம் வெடித்தால், அன்றே கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் அறிவிப்போம். பிரதான வீதியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியைப் பத்திரப்படுத்துவோம். அகற்றும் வரை இரு பக்கமும் தூரத்திலேயே தெரியும்படி அடையாளம் வைப்போம். அளவுக்கு மிஞ்சி ஏற்றிய வண்டியில் ஏற மறுப்போம்.

இயற்கை பாறையை உருட்டிவிடலாம். அதை அங்கேயே கிடக்க விடுவது மனிதர்களாகிய நாம்தான்.