மனநோயும் மானக்கேடும்

கண்டனூரிலாகட்டும், புதுவயலிலாகட்டும், காரைக்குடியிலாகட்டும், ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டார் அதை ஒளிப்பதில்லை. கால் ஒடிந்தால் கட்டுப் போடுகிறவரைத் தேடி ஓடுகிறார்கள். ஆனால் அதே வீட்டில் ஒரு வாலிபன் மாதக்கணக்காய்த் தூங்காமலும், உண்ணாமலும், யாரோடும் பேசாமலும் மூலையில் உட்கார்ந்துவிட்டால் மாத்திரம், முதற்காரியமாகக் கதவைச் சாத்துகிறார்கள். ஏனென்றால், "வெளியே தெரிந்தால் தங்கச்சியை யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்கிறார்கள். இரண்டாவது காரியம் மந்திரிப்பது. செய்வினை என்பார் ஒருவர், கிரகக் கோளாறு என்பார் மற்றொருவர், பேய் என்பார் இன்னொருவர். அவரவர் காணிக்கை அவரவருக்குப் போய்ச் சேருகிறது. நோய் மாத்திரம் போகிறதில்லை.

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய வெளிதேசம் போக வேண்டியதில்லை. 1985 வரை நம்மோடு ஒரே ஜில்லாவாயிருந்த இராமநாதபுரத்து ஏர்வாடியில், 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியுமுன் ஒரு தனியார் மனநோயாளர் விடுதி தீப்பற்றியது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தபடியால் எழுந்தோட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். இதை ஒரு மதத்தாரின் குற்றமென்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். ஏர்வாடிக்கு நோயாளிகளைக் கொண்டுபோய் விடுகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. குணசீலத்துப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போகிறவர்களின் நம்பிக்கையும் இதே நம்பிக்கைதான். 2018 மே முதல் அமுலில் உள்ள 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாதென்று தடுக்கிறது. அந்த ஒரு வரி சட்டமாவதற்கு முன் எத்தனை பேர் வெந்து போனார்கள் பாருங்கள்!

நிற்க. "சரி, மனோதத்துவ நிபுணரிடம் போகிறோம், அங்கே என்ன செய்வார்கள்?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தெரியாததினால்தானே பயம் உண்டாகிறது?

அங்கே உடுக்கையுமில்லை, வேப்பிலையுமில்லை. இரண்டு நாற்காலி, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேச்சு, அவ்வளவுதான். முதல் நாளில் அவர் கேட்பதே அதிகம். தொந்தரவு எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, சாக வேண்டுமென்ற நினைப்பு வந்ததா என்றெல்லாம் கேட்பார். சாவைப் பற்றிக் கேட்கிறாரே என்று மிரள வேண்டியதில்லை. கேட்பதனால் அந்த நினைப்பு வந்துவிடாது, மறைப்பதனால்தான் முற்றும். சொன்னதை ரகசியமாய்க் காப்பது அவர் கடமை. உயிருக்கு ஆபத்தென்று கண்டால் மாத்திரம் காக்க வேண்டியவர்களுக்குச் சொல்லுவார். மருந்து எழுதுவது மனநல டாக்டர் வேலை. சிலருக்கு மருந்தும் பேச்சும் இரண்டுமே வேண்டியிருக்கும்.

ஒரே நாளில் குணமென்று அவர் சொல்லமாட்டார். அப்படிச் சொல்லுகிறவரிடம் போகாதிருப்பதே புத்தி. மனச்சோர்வு நோய்க்குப் பெரும்பாலும் 12 முதல் 20 சந்திப்புகள் வரை ஆகும். இடையில் பழைய துக்கங்களைக் கிளறுவதால் சில நாள் பாரம் கூடினாற்போலவும் இருக்கும். வீட்டில் செய்துவரும்படி சில பயிற்சிகளும் கொடுப்பார். "உங்கள் படிப்பென்ன? பதிவு உண்டா? எத்தனை நாளாகும்? கட்டணமென்ன?" என்று நீங்களும் தாராளமாய்க் கேட்கலாம். கேள்வி கேட்டால் கோபிக்கிறவர் சாமியார். பதில் சொல்லுகிறவர்தான் வைத்தியர். ஒருவரிடம் மனம் ஒட்டவில்லையென்றால் வேறொருவரிடம் போவதிலும் குற்றமில்லை.

அமெரிக்காவில் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் 1955-ல் ஒரு சிகிச்சை முறையை உண்டாக்கி, அதற்குப் பகுத்தறிவுச் சிகிச்சை என்றே முதலில் பெயரிட்டார். "நான் எதற்கும் உதவாதவன்" என்று ஒருவன் நம்பினால், அதற்கு ருஜு என்ன என்று அவனையே கேட்டுப் பார்க்கச் செய்வதுதான் அதன் சாரம். ஊரார் நம்பிக்கைகளையெல்லாம் ருஜுக் கேட்கிற நாம், நம்மை நாமே இழிவாய் நினைக்கிற நம்பிக்கையை மாத்திரம் கேளாமல் விடலாமா?

பணமில்லையே என்பாருக்குச் சிவகங்கை அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 அக்டோபரில் ஆரம்பிக்கப்பட்ட 14416 என்னும் டெலிபோன் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் செலவின்றித் தமிழிலேயே பேசலாம். சாகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாள் பார்க்காமல், தனியே விடாமல், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மானம் மானம் என்கிறார்களே, அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். பெற்ற பிள்ளை படித்தவர் ஒருவர் முன் உட்கார்ந்து தன் துக்கத்தைச் சொல்லுவது மானக்கேடா? அல்லது அவனை அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, வாசலில் கோலம் போட்டு, வருகிறவர்களிடம் "பையன் வெளியூர் போயிருக்கிறான்" என்பது மானக்கேடா? கதவைத் திறவுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.