நல்ல நிர்வாகம் வயலைக் காப்பாற்றாது

"நிர்வாகம் ஒழுங்காக இருந்தால் சுரங்கமும் நடக்கும், நெல்லும் விளையும்" என்று படித்தவர்களே பேசுகிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்தைக் காட்டி, அவர்கள் அனுபவசாலிகள், தோண்டிய குழியை மூடி மரம் நட்டுவிடுவார்கள் என்கிறார்கள். தஞ்சை மண்ணில் இந்த நம்பிக்கையைப்போல ஆபத்தானது வேறில்லை.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. மேல்மண்ணை அகற்றினால் அது சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துகொண்டு பொங்கும். அதனால் சுரங்கம் இயங்கும் காலமெல்லாம் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நிர்வாகத்தின் முதல் கடமையே அதுதான். திறமை கூடக் கூட நன்றாக இறைப்பார்கள். இறைக்க இறைக்கச் சுற்றிலும் நிலத்தடி நீர் இறங்கும். மன்னார்குடிப் பக்கமோ கரி இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் போர்த் தண்ணீரை நம்பிக் குறுவை நடுகிறவனுக்கு இந்தத் திறமையால் என்ன பயன்?

அனுபவம் என்ற பேச்சும் இன்று செல்லாது. 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் தானே தோண்டியது. அதே நிறுவனம் இப்போது ஒடிசாவின் தலபிராவில் தோண்டும் வேலையை ஒப்பந்த நிறுவனத்திடம் விட்டிருக்கிறது. 2020-இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, நிலக்கரியில் முன் அனுபவமே இல்லாத கம்பெனியும் ஏலம் கேட்கலாம். வருவாயில் அதிகப் பங்கு தருபவருக்கே சுரங்கம். அப்படிப்பட்ட ஏலப் பட்டியலில்தான் 2023 மார்ச்சில் ஒரத்தநாடு வட்டத்து வடசேரியும், மைக்கேல்பட்டியும், சேத்தியாத்தோப்பு கிழக்கும் இருந்தன. ஏலம் நடந்திருந்தால், நிலம் யார் கைக்குப் போயிருக்கும் என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

சரி, அனுபவமுள்ள நெய்வேலி நிர்வாகம் என்ன செய்தது? அதே ஆண்டு ஜூலையில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்துவந்த நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்களை இறக்கியது. ஏற்கெனவே கையகப்படுத்திய நிலம் என்று விளக்கம் வந்தது. பத்திரப்படி சரியாகவே இருக்கட்டும், அறுவடை வரைக்கும் பொறுக்க முடியாதா? சோற்றுப் பயிர் அது. பார்த்தவர்கள் வயிறு எரிந்தது.

2023 ஏப்ரல் 8 அன்று மூன்று இடங்களையும் ஏலத்திலிருந்து விலக்குவதாக ஒன்றிய நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். நன்றி. ஆனால் ஓர் அமைச்சர் அறிவித்ததை இன்னோர் அமைச்சர் மாற்றலாம். கரி அங்கேயேதான் கிடக்கிறது. டெல்டாவில் எந்த நிர்வாகமும் எக்காலத்திலும் நிலக்கரி தோண்டக் கூடாது என்று ஒன்றிய அரசு சட்டமாகவே எழுத வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.