பழுது பொறியில் இல்லை

மலருக்கென மாணவர் ஒருவர் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை திரையில் செம்மையாகவே நின்றது. துறைகள் அனைத்துக்கும் பொதுவான அச்சுக்கணினிக்கு அதை அனுப்பியபோதோ, தாள் முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வந்தன. "பொறி பழுது" என்றனர் பலர். பழுது பொறியில் இல்லை என்பதே என் கருத்து.

பழைய எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழ் எழுத்து சேமிக்கப்பட்டது. எழுத்துரு என்னும் ஆடை உள்ளவரை அது தமிழ். அவ்வாடை இல்லாத கணினியிலோ வெறும் ஆங்கிலக் குறி. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளைத் தரமாக அறிவித்தது. பின்னர் 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. அதில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் உண்டு.

ஆதலின் செய்யத்தக்கவை இரண்டு. புதியனவற்றை யூனிகோடில் எழுதி, எழுத்துருவை உட்பொதித்த பிடிஎப் கோப்பாக அச்சுக்கு அனுப்புதல் ஒன்று. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பார்த்தல் மற்றொன்று. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையில் அமையும். யூனிகோடிலோ ககரமே முதலில் வரும். இவ்வரிசை பிறழின் சொல் சிதையும். அச்சிதைவைக் கண்டு திருத்தத் தமிழறிந்த கண் வேண்டும்.

எனவே இப்பணி கணினித் துறையினர்க்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. ஏடு பெயர்த்தெழுதியோர் அன்று அயர்ந்திருப்பின் நமக்குச் சுவடிகள் இல்லை. இன்று நாம் அயர்ந்தால், நம் ஆசிரியர்களின் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் கோப்பாக இருந்தும் படிப்பாரின்றிப் போகும்.