மருந்து ஒன்றுதான், முடிவு ஏன் வேறு?

உடலெங்கும் பரவிய பின்னும் முழுமையாகக் குணப்படுத்தத்தக்க புற்றுநோய் உண்டா என்று எங்களிடம் கேட்போருக்கு, நாங்கள் முதலில் சொல்வது விரைப் புற்றுநோயைத்தான். சொன்னவுடன் கேட்பவர் முகத்தில் ஒரு தயக்கம் தோன்றும். அப்பெயரைக் குடும்பத்தார் நடுவே உச்சரிக்கவே நம்மிடையே பலர் கூசுகின்றனர். ஆயினும் இம்மாத இதழில் அதைப் பற்றியே எழுதுகிறோம். ஒருவர் பிழைப்பதும் பிழையாமற்போவதும் அவர் பிறந்த நாட்டைப் பொறுத்தது என்னும் அநீதியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நோய்கள் சிலவே.

இது பெரும்பாலும் 15 முதல் 40 வயது வரையிலான ஆண்களைத் தாக்குகிறது. நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் ஆண்டுதோறும் லட்சம் ஆண்களுள் ஏறத்தாழ 10 பேருக்கு வருகிறது. இந்தியாவில் ஒருவருக்கும் குறைவு. நாம் கொடுத்து வைத்தவர்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால், நோய் வந்தவர்களுள் எத்தனை பேர் இறக்கின்றனர் என்று கேட்டால் கணக்குத் தலைகீழாகிறது. நோய் மிகுந்த அந்த வட ஐரோப்பிய நாடுகளில் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டோர் பிழைக்கின்றனர். நோய் அரிதாக உள்ள ஏழை நாடுகளிலோ, நோயுற்றோருள் இறப்பவரின் பங்கு பன்மடங்கு அதிகம். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 74,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 9,300 பேர் இறந்தனர். எல்லா நாடுகளிலும் நார்வேயின் நிலை இருந்திருக்குமாயின் அவ்விறப்புகளில் பாதிக்கு மேல் நிகழ்ந்திரா.

புதிய, விலையுயர்ந்த மருந்து ஏழை நாடுகளை எட்டவில்லை போலும் என்று நினைப்பீர்கள். அதுவன்று. மருந்து பழையது. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாக்களின் மீது மின்னோட்டத்தின் விளைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாக்டீரியாக்கள் பிளவுபடுவதை நிறுத்திவிட்டு நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அன்று. மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினம். அந்தத் தற்செயலிலிருந்து பிறந்தது சிஸ்பிளாட்டின். 1974-இல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்னும் மருத்துவர், நுரையீரல் வரை நோய் பரவி, பிற மருந்துகள் கைவிட்ட ஜான் கிளீலண்ட் என்ற கல்லூரி மாணவருக்கு அதனை வேறிரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். கட்டிகள் மறைந்தன, அம்மாணவர் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். அதற்கு முன் நோய் பரவியவருள் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிதாயிருந்தது. இன்று பரவிய நிலையிலும் பத்தில் எட்டுப் பேர் வரை குணமடைகின்றனர். சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு, பிளியோமைசின் ஆகிய மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. நம் நாட்டிலேயே தயாராகின்றன. புற்றுநோய் மருந்துகளின் விலைப்பட்டியலில் இவை மலிவான வரிசையில் நிற்பவை.

அப்படியாயின் தடை எங்கே? மருந்து மலிவு, அதனை முறையாகச் செலுத்துவதற்கான ஏற்பாடு மலிவன்று என்பதே எங்கள் விடை.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. ஆகவே முன்னும் பின்னும் உப்புநீர் ஏற்ற வேண்டும். சிறுநீரின் அளவைக் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் மெக்னீசியம், பொட்டாசியம் குறையாமல் பார்க்க வேண்டும். வாந்தியைக் கட்டுப்படுத்தும் மருந்து வேண்டும். பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கிறதா என்று கண்காணிக்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்தால், நள்ளிரவானாலும் உடனே நரம்புவழி நுண்ணுயிர்க்கொல்லி தொடங்க ஒரு மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஐந்து நாள் தொடர்ந்து ஏற்றும் ஒரு சுற்று, 21 நாளுக்கு ஒருமுறை, மூன்று அல்லது நான்கு தடவை. இந்த 21 என்னும் எண் வெறும் வழக்கமன்று. தக்க மருத்துவக் காரணமின்றி நாள் தள்ளிப்போனாலோ அளவு குறைந்தாலோ, குணமாகக்கூடிய நோய் கைநழுவக்கூடும். பணமோ படுக்கையோ மருந்திருப்போ இல்லாமையால் நாள் தள்ளிப்போகும் நாட்டில், அதே மருந்து அதே பலனைத் தருவதில்லை. கீமோதெரபிக்குப் பின் வயிற்றின் பின்புறம் எஞ்சிய நிணநீர்க் கட்டிகளை அகற்றும் அறுவையைத் தேர்ச்சியோடு செய்வோர் உலகெங்குமே சிலர்தான்.

இன்னொரு தடை சிகிச்சைக்கு முந்தையது. வலியற்ற ஒரு கட்டி அல்லது கனம். அதை விரைவீக்கம் என்றும் அடிபட்டதென்றும் கருதி மாதக்கணக்கில் மாத்திரை உண்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஒரு ஸ்கேனும், ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்னும் இரத்தப் பரிசோதனைகளும் ஐயத்தைப் பெரிதும் தீர்க்கும். சில இடங்களில் விரைப்பையைக் கீறியோ ஊசி குத்தியோ சதை எடுத்துவிடுகின்றனர், அது கூடாது. அறுவை தொடைமடிப்பின் வழியாகவே நடைபெற வேண்டும். காலத்தின் விலையையும் சொல்லிவிடுகிறோம்: பரவிய நோயை நல்நிலை, இடைநிலை, கடுநிலை எனப் பிரிப்பர்; 2021-இல் வெளியான பன்னாட்டுக் கணக்கில் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு முறையே நூற்றுக்கு 96, 89, 67.

வட நாடுகள் செல்வத்தால் மட்டும் வென்றன என்றும் நாங்கள் கருதவில்லை. ஸ்வீடனும் நார்வேயும் 1981 முதல் ஒரே சிகிச்சை நெறிமுறையைக் கூட்டாகப் பின்பற்றி, முடிவுகளைப் பதிவு செய்து, தவறுகளைத் திருத்தி வந்துள்ளன. இதைவிட எங்கள் மனத்தைக் கவர்ந்தது சிலி. ஐரோப்பாவிற்கு வெளியே இந்நோய் மிகுந்த நாடுகளுள் அது ஒன்று. 2004-இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2005-இல் அது நடைமுறைக்கு வந்தபோது, அரசு உறுதியளித்த முதல் சில நோய்களுள் விரைப் புற்றுநோயும் இடம்பெற்றது. சிகிச்சை கிடைக்கும் என்று மட்டும் அச்சட்டம் சொல்லவில்லை. எத்தனை நாளுக்குள் என்றும் சொல்கிறது. நோயாளி தன் கையிலிருந்து செலுத்துவதற்கு உச்சவரம்பு உண்டு. கெடு தவறினால் வேறிடத்தில் சிகிச்சை கேட்கும் உரிமையும் உண்டு. அன்று சிலி செல்வ நாடன்று. பாடத்தை அங்கிருந்து கற்பதே நமக்குப் பொருந்தும் என்போம்.

நம்மிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. பல குடும்பங்களை அது காத்திருக்கிறது. ஆனால் கெடு இல்லை. ஐந்து நாள் வார்டில் மகனோடு தங்கும் தந்தையின் ஐந்து நாள் கூலியை எந்த அட்டையும் தருவதில்லை. ‘விழிப்புணர்வு இல்லை’ என்று நோயாளியைச் சுட்டும் பேச்சு எங்களைப் போன்றோர் வாயில் எளிதாக வந்துவிடுகிறது. கூச்சம் உண்மைதான், ஆனால் நார்வே இளைஞனுக்கும் அது உண்டு. அவனுக்குத் தாமதமாக வந்தாலும் கதவு திறந்திருக்கிறது என்பதே வேறுபாடு.

இனி, இப்போது சிகிச்சையில் உள்ள இளைஞர்களுக்கும் உடனிருப்போர்க்கும். மருந்து தொடங்குமுன் விந்தணுச் சேமிப்பு பற்றிக் கேளுங்கள்; திருமணமாகாதவரும் கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. கட்டியை அகற்றியாயிற்றே என்று பரிசோதனைகளை நிறுத்திவிடாதீர்கள். குழந்தைப் பருவத்தில் விரை இறங்காதிருந்ததா என்று தாயாரிடம் கேட்டு எங்களிடம் தெரிவியுங்கள். அத்தகையோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம். ரயில் கட்டணச் சலுகைக்கான சான்றிதழை வார்டிலேயே கேட்டுப் பெறலாம். அடுத்த சுற்றுக்குக் குறித்த நாளில் வர இயலாதென்று தோன்றினால், அந்நாள் கடந்த பின்பன்று, அதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லுங்கள். காரணம் பணமாயினும் சொல்லுங்கள். மருத்துவ சமூகப் பணியாளரோடு அமர்ந்து வழி தேட எங்களுக்கு ஓரிரு நாள் கிடைக்கும்.