வைக்கோலும் உலர்புல்லும் ஒன்றா?

“இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். மீஞ்சூர், பொன்னேரி பக்கமிருந்து வரும் வைக்கோல்தான் தீவனம். ‘காய்ந்த புல்’ என்று கட்டு கட்டாகக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வைக்கோலும் அதுவும் ஒன்றுதானே?”

- வாசகர், திருவொற்றியூர்.

இரண்டும் ஒன்றல்ல. வைக்கோலை ‘வைக்கப்புல்’ என்று சொல்லிப் பழகியதால் வரும் குழப்பம் இது. வைக்கோல் என்பது கதிரடித்த பிறகு மிஞ்சும் தாள். சத்து முழுவதும் நெல்மணிக்குப் போய்விடும். அதில் புரதம் 3 முதல் 4 சதவிகிதம்தான். மணிச்சத்தும் குறைவு. அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம், சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். உலர்புல் என்பது தீவனத்துக்காகவே வளர்த்து, பூக்கும் தருணத்தில் அறுத்து, பச்சை நிறம் மாறாமல் காயவைத்தது. வேலிமசால், குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனங்களை இப்படிக் காயவைத்தால் 15 சதவிகிதத்துக்கு மேல் புரதம் கிடைக்கும். கொழுக்கட்டைப்புல், தீவனச்சோளத்தில் அதைவிடக் குறைவு என்றாலும் வைக்கோலைவிட மேல்.

வாங்கும்போது கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இளம்பச்சை நிறம், இலைகள், நல்ல வாசனை இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். வெளுத்து, இலை உதிர்ந்து, குச்சியாக இருந்தால் அது முற்றிய புல். கிட்டத்தட்ட வைக்கோல்தான். உள்ளே சூடோ, பூஞ்சண வாடையோ இருந்தால் வாங்கவே கூடாது.

சொந்தமாகத் தயாரிக்க ஏற்ற காலம், மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள். பாதிச் செடிகள் பூத்ததும், பனி விலகிய பிறகு அறுத்து, மெலிதாகப் பரப்பித் திருப்பிப் போட வேண்டும். பயறுவகையை நிழலில் காயவைத்தால் இலை கொட்டாது. புரதம் இலையில்தான் இருக்கிறது. ஒரு பிடி எடுத்து முறுக்கினால் தண்டு ஒடிய வேண்டும். ஈரம் கசியக் கூடாது. ஈரப்பதம் 15 சதவிகிதத்துக்குக் கீழே வந்த பிறகே அடுக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். போர் சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு.

எண்ணூர், மணலி பகுதியினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் பரவியது. எண்ணெய்ப் பிசுக்கோ சாம்பலோ படிந்த கால்வாய்க்கரைப் புல்லை அறுக்கவே கூடாது. காயவைத்தாலும் அவை போகாது.

அதற்காக வைக்கோலை ஒதுக்க வேண்டியதில்லை. வயிறு நிறையவும், அசைபோடவும், பாலில் கொழுப்புச்சத்து குறையாமல் இருக்கவும் நார்ச்சத்து தேவை. வைக்கோலோடு பசுந்தீவனம், தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள்கள் மூடிவைத்தால் புரதம் ஏறக்குறைய இரு மடங்காகும். சிறிது நேரம் ஆறவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கூடாது. யூரியா கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. முதல்முறை செய்பவர்கள், கால்நடை மருத்துவரிடமோ, மாதவரம் பால்பண்ணையிலுள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலோ கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.